பிள்ளைகள் தேறுகிறார்கள், குழுவின் கோடு மட்டும் ஏன் இறங்குகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான எண்ணும் எழுத்தும் வகுப்பு. கற்றல் நிலைக்கு ஏற்ப, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுக்கள். மாதாமாதம் வைக்கும் தேர்வின் மதிப்பெண்களை ஒரு மதிப்பீட்டு மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு குழுவின் சராசரியையும் ஜூன் முதல் கோடாகப் போட்டுவருகிறார். வகுப்பில் பிள்ளைகள் தேறிவருவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் திரையில் கோடுகள் இறங்குகின்றன. "வேறு எந்த வகை வரைபடம் போட்டால் முன்னேற்றம் சரியாகத் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். வரைபடத்தின் வகையைப் பற்றிக் கேட்டது போலத் தோன்றினாலும், அவர் மனத்தில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: நான் கண்ணால் பார்ப்பதை நம்புவதா, மென்பொருள் காட்டுவதை நம்புவதா?

பள்ளித் தேர்வுத் தரவுகளைத் தொகுப்பதும், அவற்றைப் படிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கண்ணும் சரியாக இருக்கலாம், மென்பொருளின் கணக்கும் சரியாக இருக்கலாம். ஜூன் மாத அரும்புக் குழுவில் இருந்த பிள்ளைகளும் செப்டம்பர் மாத அரும்புக் குழுவில் இருக்கும் பிள்ளைகளும் ஒரே பிள்ளைகள் இல்லை. சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டால் விளங்கும்.

அரும்பில் 10 பிள்ளைகள். அவர்களில் 8 பேர் ஆளுக்கு 20 மதிப்பெண், 2 பேர் ஆளுக்கு 45. குழுச் சராசரி 25. மொட்டில் 10 பிள்ளைகள், எல்லோரும் 60. அடுத்த மாதம் அதே தரமுள்ள தாளில் 20 பிள்ளைகளும் ஆளுக்கு 2 மதிப்பெண் கூடுதலாக வாங்குகிறார்கள். ஒருவர்கூடப் பின்னால் போகவில்லை. அரும்பில் 47 வாங்கிய அந்த இருவரை நீங்கள் மகிழ்ச்சியோடு மொட்டுக்கு ஏற்றிவிடுகிறீர்கள். இப்போது அரும்பில் மிச்சமிருக்கும் 8 பேரும் 22. குழுச் சராசரி 25-லிருந்து 22-க்கு இறங்கிவிட்டது. மொட்டில் 62 வாங்கிய 10 பேரோடு 47 வாங்கிய 2 பேர் சேர்ந்ததால் சராசரி 59.5, அதுவும் 60-லிருந்து இறங்கிவிட்டது. ஆனால் 20 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் 42.5 என்பது 44.5 ஆகியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஏறியிருக்க, இரண்டு குழுக் கோடுகளும் இறங்குகின்றன. நீங்கள் எத்தனை பிள்ளைகளைக் கைதூக்கி மேலே அனுப்புகிறீர்களோ அந்த அளவுக்குக் கோடு உங்களுக்கு எதிராகப் பேசும்.

புள்ளியியலில் இதற்கு வில் ராஜர்ஸ் விளைவு என்று பெயர். 1985-ல் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் நுரையீரல் புற்றுநோய்ப் பதிவுகளில் இதையே கண்டு எழுதினார்கள். புதிய படக்கருவிகள் வந்ததால் சில நோயாளிகள் முன்பிருந்ததைவிட முற்றிய கட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். விளைவாக ஒவ்வொரு கட்டத்திலும் பிழைப்போர் விகிதம் கூடியதாகத் தெரிந்தது. தனிப்பட்ட நோயாளி எவருக்கும் அந்த மாற்றத்தால் ஆயுள் கூடியிருக்கவில்லை. அங்கே நடந்தது உங்கள் வகுப்பில் நடப்பதன் மறுதிசை. ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் குழுக்களின் சராசரியை மாதவாரியாக ஒப்பிடக் கூடாது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

தீர்வு எளிது. குழுவைத் தொடக்க நாளில் உறையவைத்துவிடுங்கள். "ஜூன் அரும்பு" என்று ஒரு நிரந்தரக் குழு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த பிள்ளை ஆகஸ்டில் மொட்டுக்குப் போனாலும், ஜனவரியில் மலருக்குப் போனாலும், கோடு போடும்போது ஏப்ரல் வரை அந்தப் பிள்ளை ஜூன் அரும்பிலேயே எண்ணப்பட வேண்டும். பாடம் நடத்த அன்றாடம் மாறும் குழு ஒன்று, வளர்ச்சியைப் பார்க்க மாறாத குழு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம் வரும், அதனால் பெயரிலேயே மாதத்தைச் சேர்த்துவிடுவது நல்லது.

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதுவென்று கேள்வியில் இல்லை. ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். ஏதாவது ஒரு பிள்ளையை இன்று ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். ஜூன் மாதப் புள்ளி நகர்ந்தால், உங்கள் மென்பொருள் இன்றைய குழுப் பட்டியலைப் பழைய மதிப்பெண்களின் மேல் போர்த்துகிறது என்று பொருள். நகராவிட்டால் அந்தந்த மாதத்துப் பட்டியலை அப்படியே வைத்திருக்கிறது. பார்த்து முடித்ததும் பிள்ளையைப் பழைய குழுவில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இரண்டு வகை மென்பொருளும் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டிலும் ஆபத்து உண்டு. பின்னது நான் மேலே சொன்ன இறக்கத்தைக் காட்டும். முன்னதில் இன்று அரும்பில் மிஞ்சியிருப்பவர்கள் மட்டும் எண்ணப்படுவதால், வருடம் முழுக்க அந்தக் குழு ஒரு அடிகூட எடுத்துவைக்காதது போலத் தெரியும். முன்னேறியவர்களின் பழைய மதிப்பெண்களும் அவர்களோடு சேர்ந்து மேல்குழுவுக்குப் போயிருக்கும். உறையவைத்த குழு என்ற வசதியே மென்பொருளில் இல்லையென்றால், மதிப்பெண்களை எக்செலுக்கோ கூகுள் ஷீட்டுக்கோ இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தேர்வுக்கு ஒரு வரிசை. எமிஸ் எண் (பிள்ளையின் அடையாள எண்), தேர்வு நாள், எடுத்த மதிப்பெண், மொத்த மதிப்பெண், ஜூன் குழு, இன்றைய குழு, வந்தாரா இல்லையா என்று ஏழு பத்திகள் போதும். ஜூன் குழுப் பத்தியை மட்டும் பூட்டிவிடுங்கள்.

குழுவை உறையவைத்தவுடன் வேறொரு மாயம் எதிர்த்திசையில் வரும், அதற்கும் தயாராக இருங்கள். ஒரே தேர்வில் குறைவாக எடுத்தவர்களைப் பொறுக்கி ஒரு குழு அமைத்தால், அடுத்த தேர்வில் அந்தக் குழுவின் சராசரி நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் உயரும். அன்று காய்ச்சலோடு வந்தவர்கள், தெரிந்த பாடத்திலிருந்து கேள்வி வராமல் போனவர்கள் எல்லாம் அந்தக் குழுவில் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள். வகுப்புச் சராசரி 55, அரும்பாகப் பொறுக்கியவர்களின் சராசரி 35 என்று வையுங்கள். இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு, அதாவது ஒன்றின் மதிப்பெண்கள் மற்றதோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, 0.7 என்றால், 20 மதிப்பெண் இடைவெளி அடுத்த முறை தானாகவே 14 ஆகச் சுருங்கும். குழுச் சராசரி 41 ஆகும். அந்த 6 மதிப்பெண்ணுக்கு யாருடைய கற்பித்தலும் காரணமில்லை. அதே கணக்கில், 75-ல் தொடங்கிய மலர்க் குழு 69-க்கு இறங்கும். அதற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு 1886-ல் ஃபிரான்சிஸ் கால்டன் காட்டிய விஷயம்தான் இது. சிறப்புப் பயிற்சி வகுப்புகளின் "வெற்றி" என்று நான் பார்த்த அறிக்கைகளில் கணிசமானவை இந்தச் சறுக்கலில் விழுந்தவை. தப்பிக்க ஒரு வழி: குழு பிரிக்க ஜூன் தேர்வைப் பயன்படுத்துங்கள், வரைபடத்தின் முதல் புள்ளியாக ஜூலைத் தேர்வை வையுங்கள். பொறுக்கியதால் வந்த தள்ளாட்டம் ஜூலைக்குள் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

அடுத்தது தாள். இது சிக்கலான பகுதி, சொல்வதற்கும் அதிகம் இருக்கிறது. மென்பொருள்கள் பெரும்பாலும் சதவீதத்தை வைத்துக் கோடு போடுகின்றன. ஆகஸ்டில் 60 சதவீதம், செப்டம்பரில் 52 சதவீதம் என்றால் பிள்ளை பின்தங்கியதாகத் தெரியும். செப்டம்பர்த் தாள் கடினமாக இருந்ததா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதிலும் உங்கள் பள்ளியில் நிலைக்கு ஏற்ற தனித்தனித் தாள் கொடுக்கிறீர்கள் என்றால், அரும்புத் தாளில் 80 எடுத்த பிள்ளை மொட்டுக்கு ஏறி மொட்டுத் தாளில் 50 எடுப்பது இயல்பு. அது பிள்ளையின் வளர்ச்சி. கோட்டில் 30 சதவீத வீழ்ச்சியாக விழும். வெவ்வேறு நிலைத் தாள்களின் சதவீதங்களை ஒரே கோட்டில் கோர்க்கவே கூடாது.

இதைச் சமாளிக்கப் பெரிய நிறுவனங்கள் கேள்விகளையே ஓர் அளவுகோலில் ஏற்றிவைக்கின்றன. அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக உள்ள மேப் குரோத் என்ற தேர்வில் ஒவ்வொரு கேள்வியின் கடினமும் முன்கூட்டியே அளக்கப்பட்டிருக்கும்; பிள்ளையின் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வி மாறும்; வகுப்பு எதுவானாலும் மதிப்பெண் ரிட் என்ற ஒரே அலகில் வரும். அதனால் மூன்றாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஒரே கோட்டில் வைக்க முடிகிறது. அதற்கான உழைப்பு ஒரு பள்ளியால் ஆகிற காரியமில்லை. ஆனால் அதன் அடிப்படையை ஒரு பள்ளியும் பின்பற்றலாம். ஒவ்வொரு மாதத் தாளிலும் ஐந்தாறு கேள்விகளை எல்லா நிலைக்கும் பொதுவாக, எல்லா மாதத்துக்கும் ஒரே தரத்தில் வையுங்கள்: இரண்டு இலக்கக் கழித்தல் ஒன்று, கடன் வாங்கிக் கழித்தல் ஒன்று, நான்கு வரிப் பத்தி படித்து ஒரு கேள்வி, இப்படி. எண்கள் மாறலாம், வகை மாறக் கூடாது. வளர்ச்சிக் கோட்டை அந்தப் பொதுக் கேள்விகளைக் கொண்டு மட்டும் போடுங்கள். மிச்சக் கேள்விகள் அந்த மாதப் பாடத்தைச் சோதிக்கட்டும்.

வாசிப்புக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவருடைய குழுவினரும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறை: ஒரே தரமுள்ள பத்திகளைத் தயார்செய்து வைத்துக்கொண்டு, பிள்ளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறது என்று வாரந்தோறும் எண்ணுவது. மதிப்பெண்ணைச் சதவீதமாக்கும் தேவையே இதில் இல்லை. ஒன்று கவனியுங்கள், ஆங்கிலத்துக்கான நிமிடச் சொற்கணக்கு அட்டவணைகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும், அவற்றைத் தமிழுக்கு எடுத்தாளாதீர்கள். தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்பவை. 2022-ல் மூன்றாம் வகுப்புக்கு நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவு வைத்ததற்கும் இதுதான் காரணம். உங்கள் வகுப்புக்கு உங்கள் ஜூன் எண்ணே தொடக்கம்.

வராதவர்கள் கணக்கு பலரும் பார்க்காத இடம். எக்செலிலும் கூகுள் ஷீட்டிலும் சராசரி எடுக்கும் சூத்திரம் வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். வராத பிள்ளைக்கு யாரோ 0 என்று தட்டியிருந்தால் சராசரி சரிந்துவிடும். மூடில் என்ற கற்றல் மென்பொருளில் காலி மதிப்பெண்களை விலக்குவதற்கென்றே ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. அதன் குறியை எடுத்துவிட்டால் காலிகள் எல்லாம் பூஜ்யமாகும். உங்கள் மென்பொருளில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதே நேரம், வராதவர்களை விலக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகள் உள்ள ஊர்களில், பிப்ரவரியில் குழுச் சராசரி சட்டென்று உயரும். பள்ளி நாட்களை அதிகம் இழந்த, குறைவாக மதிப்பெண் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கணக்கிலிருந்து மறைந்ததால் வந்த உயர்வு அது. அதை முன்னேற்றம் என்று அறிக்கையில் எழுதினால், நம் கவனம் மிக அதிகமாகத் தேவைப்படும் பிள்ளைகள் இல்லாததையே கொண்டாடியதாகிவிடும். எனவே ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணைப் போடுங்கள். எல்லாத் தேர்வும் எழுதியவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கோடு போட்டு, இரண்டையும் அருகருகே வையுங்கள். இரண்டும் விலகும் மாதத்தில் வருகைப்பதிவேட்டைத் திறந்தால் காரணம் கிடைக்கும்.

எவ்வளவு ஏறினால் ஏற்றம் என்று நம்பலாம்? 20 ஒரு மதிப்பெண் கேள்விகள் கொண்ட தாளில், பாடத்தில் 60 சதவீதம் தெரிந்த பிள்ளை 12 எடுக்க வேண்டும். ஆனால் எந்தக் கேள்வி வந்தது என்ற அதிர்ஷ்டத்தால் மட்டுமே 10-ம் வரலாம், 14-ம் வரலாம். 8 பேர் கொண்ட குழுவில் இந்த ஆட்டம் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். என்றாலும் இரண்டு மாதச் சராசரிகளுக்கு இடையே 5 சதவீத வித்தியாசம் சாதாரணமாக வந்துபோகும். ஏறத்தாழ 11 சதவீதம் நகர்ந்தால்தான் நான் நம்பத் தொடங்குவேன். 25 பேர் என்றால் 6 போதும். இது கேள்வித் தேர்வின் அதிர்ஷ்டத்தை மட்டும் எண்ணிய கணக்கு; காய்ச்சல், மழை, வேறு ஆசிரியர் மேற்பார்வை எல்லாம் இதற்கு மேல். ஏழெட்டுப் புள்ளிகள் சேராமல் கோட்டின் சாய்வைப் பற்றிப் பேசாதீர்கள் என்பது என் அனுபவத்தில் வந்த கருத்து. கட்டாய விதி என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நீங்கள் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்த வரைபடம்? ஜூன் குழு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மெல்லிய சாம்பல் கோடு, அவற்றின் மேல் குழுவின் இடைநிலை அளவுக்கு (மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) தடித்த கோடு. சிறு குழுவில் சராசரியை ஒரே பிள்ளை இழுத்துவிடும், அதனால் இடைநிலை அளவு பாதுகாப்பு. மூன்று படங்களிலும் செங்குத்து அச்சு 0 முதல் 100 வரை ஒன்றாக இருக்கட்டும். மென்பொருள் தானாக அச்சைச் சுருக்கி 52-க்கும் 56-க்கும் இடையே மலையும் பள்ளமும் காட்டும், அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். கோட்டை வளைத்து வழவழப்பாக்கும் வசதியும் வேண்டாம், தேர்வே நடக்காத வாரத்திலும் ஏதோ நடந்தது போலக் காட்டும்.

நிகழ்வுகளைச் செங்குத்துக் கோடாகக் குறியுங்கள்: ஆசிரியர் மாறுதல், மழை விடுமுறை, புதிய பயிற்சிநூல். தேசிய அளவிலேயே இதன் தேவையைப் பார்த்திருக்கிறோம். தேசிய அடைவுத் தேர்வு 2021-ல் நவம்பர் 12 அன்று நடந்தது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் கொரோனாவுக்குப் பின் திறந்தது அதே நவம்பர் 1 அன்றுதான். அந்தக் குறிப்பு இல்லாமல் 2017-ஐயும் 2021-ஐயும் கோடு போட்டு இணைத்தால், பூட்டிக் கிடந்த பள்ளிகளின் கதை ஆசிரியர்களின் தோல்வியாகப் படிக்கப்படும். அதோடு, 2017-ன் மூன்றாம் வகுப்பும் 2021-ன் மூன்றாம் வகுப்பும் வேறு பிள்ளைகள். உங்கள் பள்ளியிலும் போன வருட வகுப்போடு இந்த வருட வகுப்பை ஒப்பிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைக்கச் சொன்னால், கூடாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

"35-க்கு மேல் எத்தனை சதவீதம்" என்ற வரைபடத்தையும் பெரும்பாலான மென்பொருள்கள் தருகின்றன. அதிகாரிகள் கேட்பார்கள், கொடுங்கள். ஆனால் உங்கள் கற்பித்தலை அதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். 12-லிருந்து 30-க்கு வந்த பிள்ளை அதில் தெரிவதில்லை. 34-லிருந்து 36-க்கு வந்த பிள்ளை வெற்றியாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 2002-ல் சட்டமான நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் காலத்தில் தேர்ச்சி சதவீதமே பள்ளிகளின் தலையெழுத்தானபோது, கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த பிள்ளைகள் மேல் கவனம் குவிந்து, வெகு கீழே இருந்தவர்கள் கைவிடப்பட்டதை டெக்ஸஸ் பள்ளி ஒன்றில் செய்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. உங்கள் அரும்புப் பிள்ளைகள் அந்த நிலைக்கு வரக் கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்து, ஜூன் அரும்பின் கோடு தெளிவாக ஏறினாலும், "என் சிறப்பு வகுப்பால்தான் ஏறியது" என்று அந்தக் கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் வயதால் வளர்கிறார்கள், இல்லம் தேடிக் கல்வி போன்ற ஏற்பாடு இருந்திருக்கலாம், வீட்டில் அக்கா சொல்லிக்கொடுத்திருக்கலாம். அந்த வகுப்பு கிடைக்காத, அதே நிலையில் தொடங்கிய பிள்ளைகள் பக்கத்துப் பிரிவிலோ பக்கத்துப் பள்ளியிலோ இருந்து, அதே பொதுக் கேள்விகளை எழுதியிருந்தால் ஓரளவு பேசலாம். அப்போதும் "ஓரளவு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஆனால், பிள்ளைகள் ஏறினார்களா என்ற கேள்விக்கு மட்டும் இந்த வரைபடம் நேர்மையாகப் பதில் சொல்லும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டுவதென்றால் பெயர் இல்லாத குழுப் படத்தைக் காட்டுங்கள். பிள்ளையின் தனிக் கோட்டை அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் மட்டும், பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடவே வேண்டாம். எட்டுப் பேர் உள்ள குழுவில் பெயரை எடுத்துவிட்டாலும் எந்தக் கோடு யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

புதிதாகத் தேர்வு எதுவும் வைக்காமல், கையில் இருக்கும் மதிப்பெண்களை வைத்தே இந்த வாரம் தொடங்கலாம். ஜூன் பட்டியலைத் தேடி எடுத்து, ஜூன் குழுப்படி கோட்டைத் திரும்பப் போடுங்கள். கோடுகள் நிமிர்ந்தால், பிள்ளைகள் குழு மாறியதுதான் காரணம், உங்கள் கண் சரி. அப்போதும் மூன்று கோடுகளும் ஒரே மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கினால் அந்த மாதத் தாளை எடுத்துப் பாருங்கள், கடினமாக இருந்திருக்கும். ஒரு குழு மட்டும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் சராசரியை விட்டுவிட்டு அந்தக் குழுவின் சாம்பல் கோடுகளைப் பாருங்கள். எல்லோரும் இறங்குகிறார்களா, இரண்டு பேர் மட்டும் சரிகிறார்களா என்று அங்கே தெரியும். இரண்டு பேர் என்றால் முதலில் அவர்களுடைய வருகைப்பதிவைப் பாருங்கள்.